சும்மா இருக்கிறவளின் கை

வலது மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று பெரம்பலூர் டாக்டரிடம் முதல் தடவை போனபோதே ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "வேலைக்கெல்லாம் போகலீங்க சார், சும்மா வூட்லதான் இருக்கேன்" என்றேன். எங்கள் குன்னம் பக்கம் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வோம். பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனால்தான் அது வேலை. தையல் மிஷின் உண்டா, கம்ப்யூட்டர் உண்டா, போன் ரொம்பப் பார்ப்பீர்களா என்று அவரும் விடாமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். கழுத்து எலும்பாக இருக்கலாம் என்று கழுத்துப் பட்டை ஒன்று எழுதிக் கொடுத்தார்.

அதைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனால் மாடு மிரண்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே எரிச்சல். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூன்று மாட்டையும் காலையும் மாலையும் நானே கறந்தேன். நடுவில், பிடுங்கிய சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாளால் அறுத்தேன். விடியற்காலையில் கையை உதறினால்தான் உயிர் வரும். வாயு என்று பூண்டு தின்றேன்.

ஒரு நாள் சாயங்காலம், சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம். அது புதிதாகக் கன்று போட்ட மாடு. பாதி கறந்திருப்பேன், கட்டைவிரல் மடங்கவில்லை. காம்பைப் பிடித்திருக்கிறேன், பிடித்த மாதிரியே இல்லை. மாட்டுக்கு அது தெரிந்துவிட்டது. ஒரே உதை. கொட்டின பால் தொலையட்டும், மடியில் மிச்சம் தேங்கினால் மாட்டுக்கு மடிநோய் வந்துவிடும். அழுதுகொண்டே இடது கையால் கறந்து முடித்தேன். இந்தக் கை போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் என் நாத்தனார் விடவில்லை, அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள். "அண்ணி சும்மா இல்லீங்க சார். மூணு மாடு கறக்குறாங்க, வெங்காயம் அறுக்குறாங்க, விசேஷம்னா தெருவுக்கே முறுக்கு பிழியிறாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?" இப்படி இறுக்கிப் பிடித்து ஓயாமல் செய்கிற வேலைதான் மணிக்கட்டில் நரம்பை நசுக்கும் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை.

"கை சரியாயிடுங்களா சார்?"

"பாத்துட்டுச் சொல்றேன். கண்ணை மூடிக்குங்க. விரல் நுனியில குண்டூசியால லேசாக் குத்துவேன். குத்தினதும் சொல்லணும்."

மேசை மேல் கையை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பல்லைக் கடித்தபடி காத்திருந்தேன். நான் ஊசிக்குப் பயப்படுகிறவள் என்று நினைத்துத் தயங்குகிறாரோ என்று கோபம்கூட வந்தது.

"பரவால்லீங்க சார், குத்துங்க" என்றேன்.

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். பிறகு நாத்தனார் என் தோளைத் தொட்டாள்.

"மூணு விரல்லயும் குத்திட்டாரு அண்ணி" என்றாள்.