ஈயக்காவின் பிரேக் கம்பி

தெருவே அவளை ஈயக்கா என்றுதான் கூப்பிட்டது. தொழில் என்னவோ தையல். மூன்று வருடம் முன்பு, கடையில் வாங்கிய பிரேக் கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் குண்டு இறக்கத்தில் கழன்று கணவர் காலை முறித்துக்கொண்டு வந்தார். அன்றோடு அந்த வீட்டு வண்டிக்குக் கடைக் கம்பி கிடையாது. ஜாக்கெட் வெட்டும் மேசையிலேயே ஈயமும் உருகத் தொடங்கியது.

கம்பி நுனியைப் பித்தளைக் குண்டுக்குள் நுழைத்து, இழை இழையாகப் பிரித்து, தலைகீழாக நிறுத்திய துடைப்பம்போல விரித்துவிட்டு ஈயத்தில் முக்குவாள். ஈயம் கவ்விய பிறகு யானை இழுத்தாலும் வராது. யானைக்கு எங்கே போவது? இரண்டு வாளி நிறையத் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பாள்.

அன்று மகளுக்கு வேலையில் முதல் நாள். ஒன்பது மணிக்குள் இறக்கத்துக்குக் கீழே உள்ள அச்சகத்தில் இருக்க வேண்டும். காலையில் பார்த்தால் பிரேக் கம்பியில் இரண்டு இழை அறுந்திருந்தது. எட்டு மணிக்குள் புதுக் கம்பியின் இரு நுனியிலும் குண்டு பிடித்து, வாளியும் தொங்கவிட்டுப் பார்த்தாயிற்று.

"யாருகிட்ட!" என்றாள் ஈயக்கா.

கணவர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி. இந்தப் பாம்பை எங்க மாட்டப் போற?"

கம்பியை உள்ளே விட வேண்டிய கறுப்பு உறை மேசையில் சுருண்டு கிடந்தது. இரு பக்கமும் குண்டு வைத்தபின் அதை நுழைக்க வழியே இல்லை.

"விடும்மா. பழசோடயே மெதுவா போறேன். முதல் நாளே லேட்டானா வாசலோட அனுப்பிடுவாங்க."

"உங்கப்பாவும் மெதுவாத்தான் போனாரு."

ஈயக்கா சுருளிலிருந்து புதிதாகக் கம்பி வெட்டினாள். உறையைக் கணவர் கையில் திணித்தாள். "இந்தத் தடவையும் மறந்தேன்னா மண்டையில ஒண்ணு போடுங்க."

"திருப்பிப் போடுவியே!"

எட்டு முப்பத்தைந்துக்குக் கம்பி வண்டியில் ஏறியது. மறுபடி வாளி தொங்கவிட்டுப் பார்த்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. சந்தின் சரிவில் இறங்கி நடுவே நின்றுகொண்டாள்.

"வேகமா வந்து எனக்கு முன்னாடி நிறுத்து."

"வாளியே தாங்கிடுச்சேம்மா!"

"வாளியா உன்னைப் பெத்துச்சு? வாடி!"

மகள் வந்தாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். டயர் ஒரு சாண் தள்ளி நின்றது. ஈயக்காவின் கால் விரல்கூட அசையவில்லை.

"போ. நேரமிருக்கு, மெதுவாவே போ."

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவள் நடுச் சந்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கணவர் நொண்டிக்கொண்டே வந்து தோளைக் கொடுத்தார்.

"யாருகிட்ட!" என்றார்.