மைனஸ் அக்காவின் நோட்டு

பக்கத்து அறையில் கருவிகள் அடுக்கிய எவர்சில்வர் தட்டு யாரோ ஒருவர் கைநழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அறையின் அக்கா அவர் கைகளைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்தாள். கருவிழிகள் இரண்டும் மெல்லச் சுழன்று, துள்ளி, பிறகு நிலைக்கு வந்தன.

“பாத்தீங்களாக்கா?” என்றாள் டிரைவரின் மனைவி. “வீட்ல டம்ளர் விழுந்தாலும் இதே கதைதான். சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு.”

“கண்ணு நகர்ற சத்தம் கேக்குதுன்னு சீட்டுல எழுதியிருக்காங்களே, அது என்ன?”

டிரைவர் தயங்கினார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் கிறுக்கன் என்று பெயர் வாங்கியிருந்தார். “ஆமா மேடம். வலது காதுல. தாளைத் தரையில இழுக்கிற மாதிரி கேக்கும்.”

“இவர் கண்ணை உருட்டினா இவருக்கே கேக்குதாம்,” என்றாள் மனைவி. “நான் கண்ணை உருட்டினாதான் எங்க வீட்ல எல்லாருக்கும் கேக்கும்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

அக்கா சிரித்துவிட்டாள். மனைவியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹாரன் அடித்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லும் டிரைவரை எந்தக் கம்பெனி நம்பும்? வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று கூட வேலை பார்ப்பவர்களே பேசினார்கள். மூன்று டாக்டர்கள் பார்த்து, காதில் கோளாறு இல்லை, மனசில்தான் என்று எழுதிவிட்டார்கள். இங்கேயும் அப்படியே வந்தால் திங்கட்கிழமை வேலை போய்விடும் என்று கம்பெனி கடிதமே கொடுத்திருந்தது. பதினெட்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், பொய்யர் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அக்கா அவரைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கனத்த கதவை மெதுவாகச் சாத்தினாள். முதலில் காதை மூடும் ஹெட்ஃபோன். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் பதியும் சின்ன அதிர்வுக் கட்டை. சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கக் கேட்க அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள்.

இந்த வேலை பார்ப்பவர்கள் எல்லோரும், சராசரிக் காதுக்குக் கேட்கும் மிகச் சின்னச் சத்தமான பூஜ்ஜிய டெசிபெலோடு நிறுத்திவிடுவார்கள். பூஜ்ஜியத்தில் கேட்டால் நல்ல காது, அடுத்த ஆளைக் கூப்பிடு, அவ்வளவுதான். வெளியே வரிசை வாசல்வரை நிற்கும்போது அதில் குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் மெஷினின் திருகு பூஜ்ஜியத்தைத் தாண்டி மைனஸ் பத்துவரை போகும். அக்கா இருபத்தாறு வருஷமாக யார் வந்தாலும் அதுவரை போய்ப் பார்த்தாள். “திருகுல இருக்கிற படியைப் பாக்காம ஏன் விடணும்?” என்பாள். அதனால் அவள் அறையில் மட்டும் வரிசை நகராது. டிபார்ட்மெண்டில் அவளுக்கு மைனஸ் அக்கா என்று பெயர். கேலிப் பெயர்தான். கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பாள்.

டிரைவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். வலது காதின் எலும்பில், தாழ்ந்த சுருதியில், பூஜ்ஜியம், மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து. அதற்குக் கீழே போக மெஷினில் இடமில்லை. அக்கா வேண்டுமென்றே சத்தம் கொடுக்காமல் காத்திருந்து பார்த்தாள். அவர் விரல் அசையவில்லை. கொடுத்தாள், அழுத்தினார். பொய் சொல்கிறவர் இப்படி அழுத்த மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

சார்ட்டைப் பார்த்த சின்ன டாக்டர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“மெஷின் சரியில்லக்கா. மனுஷக் காதை விட நல்ல காது உண்டா? வேற மெஷின்ல எடுங்க. பூஜ்ஜியம் வரைக்கும் போதும்.”

“மெஷின் சரியாத்தான் இருக்கு, டாக்டர்.”

“எப்படிச் சொல்றீங்க?”

அக்கா கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். தினமும் காலையில் முதல் ஆள் வருமுன் அவள் தன் காதையே அதே மெஷினில் சோதிப்பாள். மெஷின் ஏறுமாறாக இருந்தால் தன் காது காட்டிக்கொடுக்கும் என்ற கணக்கு. அன்று காலை எட்டு மணிக்கு எழுதிய வரி, முந்தைய நாள் வரியைப் போலவே இருந்தது.

“நீங்க கோடு போட்டது மெஷினுக்கு இல்ல டாக்டர்,” என்றாள். “ஒரு மனுஷனோட சோத்துக்கு.”

டிபார்ட்மெண்டின் தலைவரான பெரிய டாக்டரம்மா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து நோட்டைப் புரட்டினார். வருஷங்கள் புரண்டன. உயர்ந்த சுருதியில் அக்காவின் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி வந்ததும் அதில் பதிவாகியிருந்தது. தன் மூப்பைத் தானே, ஒரு நாள் விடாமல், ஒளிக்காமல் எழுதிவைத்த பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசையிலிருந்த இசைக்கவையைத் தட்டி, அதிரும் அந்த இரும்பின் அடிக்காம்பை, கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்திருந்த டிரைவரின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

“எங்கயாவது கேக்குதா?”

“வலது காதுல கேக்குதும்மா.”

கணுக்காலில் வைத்ததைக் காதில் கேட்கும் மனிதனைச் சின்ன டாக்டர் அன்றுதான் பார்த்தார். டாக்டரம்மா அன்றே ஸ்கேனுக்கு எழுதினார். உள்காதில் உடம்பை நிலையாக நிறுத்தும் மூன்று வளையக் குழாய்களில் மேல் குழாயை மூடும் எலும்பில் ஒரு கடுகு அளவு ஓட்டை ஸ்கேனில் தெரிந்தது. அதன் வழியாகத்தான் கண் அசையும் சத்தம் உள்ளே போனது, ஹாரன் சத்தம் உலகத்தையே சுழற்றியது.

“அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?” என்று கேட்டார் டிரைவர்.

“ஓட்டைதான்,” என்றாள் அக்கா. மனைவி அங்கேயே வெறுந்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆபரேஷனில் அந்தக் குழாயை அடைத்தார்கள். அதற்குள் டாக்டரம்மா பழைய சார்ட் கட்டுகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கச் சொல்லியிருந்தார். மற்ற அறைகளில் எடுத்தவை பூஜ்ஜியத்தோடு நின்றிருந்தன. அவற்றில் தேட ஒன்றுமில்லை. அக்காவின் கட்டுகளில் மட்டும் தேட முடிந்தது. மூன்று மாதம் தேடி, மனசு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இன்னும் நான்கு பேரைக் கண்டுபிடித்து வரவழைத்தார்கள். நான்கு பேருக்கும் அதே ஓட்டை. அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்லும் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. எழுதியவர்கள் வரிசையில் இரண்டாவதாக இருந்தது. மூன்றாவது சின்ன டாக்டர். அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

“சிவப்புப் பேனாவைத் தூக்கிப் போட்டுட்டேன்க்கா,” என்றார்.

“பேனா என்ன பண்ணுச்சு பாவம்,” என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அவள் வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை. மறுபடி வண்டி எடுத்து ஆறாவது நாள். அக்காவின் கணவர் கட்டுரையை மேசைமேல் விரித்துவைத்து, ஒரு வரி புரியாமலே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

“இதோ பாருங்க, இவ பேரு. என் குறட்டை எத்தனை டெசிபெல்னு தினம் காலையில சொல்லுவா. நான்தான் நம்பாம இருந்துட்டேன்.”

“நீங்களாவது குறட்டையை நம்பல. என்னை என் தம்பியே நம்பல சார்,” என்றார் டிரைவர். பிறகு அக்காவிடம், “கம்பெனியில அந்தக் கடிதாசியை ரத்து பண்ணிட்டாங்க. என் கையில குடுத்து என்னையே கிழிக்கச் சொன்னாங்க.”

“இப்ப கண்ணைத் திருப்பினா?”

டிரைவர் கண்களை இடமும் வலமும் உருட்டிக் காட்டினார். “அமைதியா இருக்குக்கா.”

மேடம் அக்காவாகியிருந்ததை அவள் கவனித்தாள். அவர் கிளம்பியபோது எழுந்து வாசல்வரை வந்தாள்.

சத்தம் கேட்டால் தலை சுற்றும் என்று இரண்டு வருஷமாக அந்த மனிதர் எந்தக் கதவையும் ஒரு கை கொடுத்து, பஞ்சை வைப்பதுபோல் மூடிப் பழகியவர். சோதனை அறைக்கு வந்த முதல் நாளும் வெளிக்கதவை அப்படித்தான் மூடினார். இப்போது வெளியே போய், கைப்பிடியைப் பிடித்து, ஒரு நிமிஷம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்கக்கா.”

கதவை அறைந்து சாத்தினார். சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது. உள்ளே கணவர் திடுக்கிட்டு, “என்ன ஆளுய்யா இவன்?” என்றார். மூடிய கதவில் காதை வைத்து அக்கா கேட்டாள். படிகளில் செருப்புச் சத்தம், தடுமாறாமல், ஒரே சீராக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.