பட்டியல் திறக்காத அந்த முற்பகல்

சென்ற வருடம் மாரி தொடங்கிய நேரம், ஒரு நாள் காலை. யாழ்ப்பாண நகரில், எங்கள் இரத்தக் கொடையாளர் சங்க அறையில் இருந்து, கொம்பியூட்டரில் பெயர்ப் பட்டியல் ஓடுகிற மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். 'இதென்ன பெரிய வேலை' என்ற கொழுப்பு எனக்கு. மாற்றியபின் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் இல்லை, பழையதை விட்டுவைக்கவும் இல்லை.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஓ நெகட்டிவ் கையிருப்பு முடிகிறது, உடனே ஆள் வேண்டும் என்றார்கள். பட்டியலில் தேடினேன். பிழை. மறுபடி தேடினேன். அதே பிழை.

வேறு வழியில்லாமல், அந்தப் பட்டியலை முதலில் செய்து தந்த பெண்ணுக்கு எடுத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவள். கலியாணம் முடித்துப் போய், கொடிகாமம் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறாள். அவள் செய்ததைச் 'சின்னப்பிள்ளை வேலை' என்று நான் எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன்.

"தங்கச்சி, பட்டியல் வேலை செய்யுதில்லை. 'குரூப்ஸ்' எண்ட இடத்திலை பிழை எண்டு..."

"அதை விடுங்கோ அண்ணை. ஆருக்கு ரத்தம் வேணும்? என்ன வகை?"

சொன்னேன்.

"அந்த வகைக்காரர் ஏழு பேர்தான். எல்லாரின்ரை நம்பரும் என்னட்டைக் கிடக்கு. ஆக்கள் வருகினம் எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கோ."

வாடிக்கையாளரையும் தராசையும் அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொருவராக அழைத்திருக்கிறாள். ஒரு மணித்தியாலத்துக்குள் குருநகரிலிருந்து மீன்பிடிக்கிற ஒருவரும், சண்டிலிப்பாயிலிருந்து காலில் தோட்டத்து மண்ணோடு இன்னொருவரும் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினார்கள். அந்தத் தாய் தப்பிவிட்டாள் என்று பின்னேரம் செய்தி வந்தது. அறையில் தனியே இருந்து அழுதேன்.

பிறகு அவளே எடுத்தாள். "இப்ப அந்தப் பிழையைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

பார்த்தவுடன் பிடித்துவிட்டாள். இரத்த வகையைப் பதியும் இடத்துக்குக் 'குரூப்ஸ்' என்று பெயர் வைத்திருந்தாள். புதிய பதிப்பு அந்தச் சொல்லைத் தன் சொந்தப் பாவனைக்கு ஒதுக்கிக்கொண்டதாம். பெயரை மாற்றியதும் பட்டியல் வேலை செய்தது.

"உந்தப் பேரை வைச்சது நான்தானே அண்ணை, என்ரை பிழை" என்றாள். பழைய பதிப்பில் அந்தப் பெயரில் ஒரு குற்றமும் இருக்கவில்லை. என்ன மனுசியப்பா இவள்!

"இல்லைப் பிள்ளை, என்ரை திமிர்தான் பிழை" என்றேன்.

சிரித்தாள். "வெண்டிக்காய்க்கு ஆள் நிக்குது அண்ணை, வைக்கிறன்."

இப்போதெல்லாம் எது பழுதென்று யார் கூப்பிட்டாலும், திரையைப் பார்க்கமுன் "ஆருக்கு என்ன அவசரம்?" என்றுதான் கேட்கிறேன்; இத்தனை வருடம் கொம்பியூட்டரோடு இருந்தும், அப்படிக் கேட்க அந்தக் கொடிகாமத்துத் தங்கச்சியிடம்தான் கற்றுக்கொண்டேன்.