டீச்சர் மாற்றிச் சொன்னது

சென்ற வாரம் வேங்கிக்காலில் ஓர் அலுவலக வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, தள்ளுவண்டிக்காரர் அண்டாவின் மூடியைத் திறந்தார். அவித்த மல்லாட்டை வாசனை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நின்றேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மனசு கன்னியம்மா வீட்டுக் களத்துக்குப் போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி. தேரடித் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் டீச்சர். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் மறுத்ததில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த இங்கா என்ற பள்ளி ஆசிரியை என்னைத் தேடி வந்தாள். லாட்ஜில் இருந்தால் லாட்ஜைத்தான் பார்க்க முடிகிறது, ஒரு குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றாள். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் சொன்னேன். அவர் மனைவிதான் கன்னியம்மா. அடி அண்ணாமலையில் இரண்டு அறை ஓட்டு வீடு. "வரட்டும், நம்ம சோறு எறங்குனா சரி" என்று கன்னியம்மா முன் அறையைக் காலி செய்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். அதற்கென்றே கஞ்சி போட்ட புடவை. நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பேச்சே நடக்காது என்று நினைப்பு. இங்கா விடிந்ததும் பெண்களோடு மல்லாட்டை ஆயப் போய்விடுவாள். செடியிலிருந்து காயைப் பிய்ப்பதைத்தான் ஆய்வது என்போம். முதல் வாரம் விரல்கள் கொப்பளித்தன. பிறகு வேகம் வந்தது, கூடவே கொஞ்சம் தமிழும் வந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் கன்னியம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"இந்தம்மா எப்பப் போவுதுன்னு கேட்டுச் சொல்லு டீச்சர். எந்தங்கச்சிக்கு மாசம் ஆயிடுச்சு. அம்மா இல்லாத பொண்ணு, இங்கதான் பிரசவம். ரூம்பு வேணும்."

நான் இங்காவிடம் போய், நீங்கள் இருப்பதில் இவர்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்று இங்கிலீஷில் சொன்னேன். கன்னியம்மாவிடம் திரும்பி, "ரெண்டு வாரத்துல போயிடுவாங்களாம்" என்றேன். இங்காவின் மனசு நோகக் கூடாது என்று நினைத்தது உண்மைதான். அவள் போய்விட்டால் என் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும் என்று நினைத்ததும் உண்மை.

இரண்டு வாரம் போனது. அடுத்த ஞாயிறு நல்ல மழை. நான் போனபோது முன் அறையில் தங்கை படுத்திருந்தாள். இங்கா மாட்டுக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

தங்கை வந்ததும் வேறு வழியில்லாமல் அவளைக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இங்கா அதைப் பார்த்து, "ஏன் இங்க?" என்று கேட்டிருக்கிறாள். "நீ போவல, அதான்" என்றிருக்கிறார் கன்னியம்மா. அந்த அளவு தமிழ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அப்போதே தன் பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கி வந்து, தங்கையை அறைக்கு அனுப்பிவிட்டாள்.

நான் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தேன். இங்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இனிமே நான் பேசும். தப்பா பேசும். பரவால்ல."

கன்னியம்மா சத்தம் போடவில்லை. "அவங்க புதுசு, தெரியல. நீ நம்ம ஊரு. கொட்டாய்ல ஒழுகுது டீச்சர்" என்றார். பிறகு காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம் என்று பால் ஊற்ற வந்தபோது அவர் கணவர் சொன்னார். இங்காவைப் போக விடாமல் பொங்கல் வரைக்கும் வைத்துக்கொண்டார்களாம். கொட்டகைக்குப் புதுக் கீற்று போட்டார்களாம். என்னையும் வரச் சொன்னார். கூச்சத்தில் நான் போகவில்லை. அடுத்த வருடம் வேலூரில் வேலை கிடைத்தது. போகாமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

பல வருடம் கழித்து, கன்னியம்மா தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அன்று பிறந்த குழந்தை அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெயர் சொன்னதும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அந்த டீச்சர் நீங்கதானா? இங்காம்மா ஒவ்வொரு லெட்டர்லயும் 'டீச்சர் வருதா'னு கேட்டிருப்பாங்க. தமிழ்லதான் எழுதுவாங்க. பெரிம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டுவேன். 'வரலன்னு எழுது'னு சொல்லுவாங்க."

முகவரி கேட்டேன். கடிதம் வருவது நின்று நாலு வருஷம் ஆகிறது என்றாள்.

இப்போது அந்த வீடும் இல்லை. பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருகிறவர்களின் கார்கள் அங்கே நிற்கின்றன. கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று ஒருமுறை நின்று பார்த்தேன். பிடிபடவில்லை.