சண்முகம் அண்ணாச்சி வைத்த கண்ணாடி ஓடு

என் எழுத்து பெரிதும் சிறிதுமாகக் கோணிக்கொண்டு போகும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். முதியோர் வகுப்பில் இந்தத் தை மாதம்தான் எழுதப் படித்தேன். ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் முடித்த வரியைப் பார்த்தால் அப்படி ஒரு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை காலையில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுச் சண்முகம் அண்ணாச்சியின் மகள் ராமலட்சுமி ஓடி வந்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாவ." அவ்வளவுதான் சொன்னாள்.

சண்முகம் அண்ணாச்சி தென்காசி பஸ் ஷெட்டில் மெக்கானிக். நான் அங்கே மூட்டை ஏற்றினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. வாசல் பக்கம் படுக்கக் கூச்சப்பட்டார்கள். உள்ளறையில் ஜன்னல் கிடையாது. பகலும் இருட்டு. மதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பேச்சு நின்றது, சாப்பாடும் குறைந்தது.

அண்ணாச்சி ஜன்னல் வைக்க நினைத்தார்கள். பக்கத்து மனைக்காரர் சம்மதிக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள்.

"சுவத்த இடிச்சா பிளான் வேணும், பெர்மிட் வேணும்" என்றார் குமாஸ்தா.

"ஓடு மாத்தணும்னா?"

"ஒடைஞ்ச ஓட்ட மாத்துததுக்கு எவன்வே கேக்கப்போறான்? போய் மாத்தும்!"

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏலே மாடசாமி, நம்ம ஓடு எதும் ஒடைஞ்சிருக்கா?"

"இல்லையே அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கு."

"அப்ப ஏணிய எடு. ஒடைச்சிருவோம்."

நாணயமான மனிதர். முறைப்படி இரண்டு ஓடுகளை உடைத்துவிட்டுத்தான் செங்கோட்டையில் வாங்கி வந்த கண்ணாடி ஓடுகளை வைத்தார்கள்.

அது ஆனி மாதம். கண்ணாடிமேல் சாரல் வழிந்தது. மதினி மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "குத்தாலத்துல வந்து படுத்த மாதிரி இருக்கு" என்றார்கள். அன்று இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாரல் காலத்தில் ஓடு வைத்ததால் வெயிலை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆவணி பிறந்ததும் உச்சிவெயில் நேராக மதினியின் முகத்தில் இறங்கியது.

"நல்லா இருக்கு! சூரியனக் கொண்டாந்து என் மூஞ்சியில வச்சிட்டியளே!"

அண்ணாச்சி பதறிப்போய் ஏணியை எடுத்தார்கள்.

"ஓட்டுல கை வச்சிய, நான் பேசவே மாட்டேன். வெயில் நேரத்துக்கு மட்டும் கட்டில நகத்துங்க போதும்."

அன்றிலிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் மத்தியானச் சங்கு ஊதியதும் அண்ணாச்சி சைக்கிளை எடுத்துவிடுவார்கள். ஷெட்டில் கேலி செய்வோம். "கட்டில நகத்தணும்டே, கட்டில நகத்தணும்" என்று சிரித்துக்கொண்டே மிதிப்பார்கள். மதினி கண்ணை மூடும்வரை அது நிற்கவில்லை. பிறகு அதே கட்டிலில் அண்ணாச்சி படுத்தார்கள்.

செவ்வாயன்று அவர்களை அந்தக் கட்டிலில்தான் கிடத்தியிருந்தார்கள். இந்த வருடச் சாரலில் கண்ணாடி பாசி பிடித்து அறை மங்கிக் கிடந்தது. ராமலட்சுமி வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் ஏணி போட்டு ஏறி, ஈரத் துணியால் துடைத்தேன். இறங்கி வந்து பார்த்தால், உச்சிவெயில் அண்ணாச்சியின் முகத்தில்.

மதினியைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. கை வலி தீரட்டும், அடுத்த வாரம் எழுதுகிறேன். இப்போது இதைச் சொல்லி நிறுத்துகிறேன்: கட்டிலை ஒரு முழம் நகர்த்திவிட்டேன் அண்ணாச்சி. நிழலில் நிம்மதியாகப் போய் வாருங்கள்.