தலைகீழாகப் படித்த உயிர்க்கதை

அறுபதுகளில், கடல் தாண்டிய தீவில், மரைன் ஹில்லில் நாங்கள் நான்கு குமாஸ்தாக்கள், கல்யாணமாகாதவர்கள், ஒரே குவார்ட்டர்ஸில் மெஸ் வைத்துச் சாப்பிட்டோம். சமையலுக்குத் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர். மாதா கோயில் ஞாயிறு பூசை தவறாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வைக்கும் மீன்குழம்புக்காகவே மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்காமல் இருந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மதராஸிலிருந்து என் அக்கா வாரப் பத்திரிகைகளைச் சேர்த்துக் கட்டிக் கப்பலில் அனுப்புவாள். பழையது அடியில், புதியது மேலே. சினிமாச் செய்தி ஆறிப்போகுமே என்று நாங்களும் மேலிருந்தே படிப்போம். தொடர்கதை நாயகிக்கு முதலில் கல்யாணம் நடக்கும், அப்புறம்தான் காதல் வரும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த முறை கப்பல் பழுதாகி நின்றதில் ஆறு வாரத்து இதழ்கள் மொத்தமாக வந்தன. அவற்றில் உயிர்கள் தோன்றிய கதையைப் படங்களோடு ஒரு தொடராகப் போட்டிருந்தார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று நாளுக்கு ஓர் இதழாக, சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். அண்ணன் மீன் அரிந்தபடியே கேட்பார். முதல் நாள் குகை மனிதன். மறுநாள் வாலில்லாக் குரங்கு. பிறகு சடை யானை, ராட்சதப் பல்லி, சேற்றில் தவழ்ந்து வந்த ஏதோ ஒன்று. ஆறாம் நாள் கடலும் மீனும்.

ஏழாம் நாள் தட்டில் பரங்கிக்காய். எட்டாம் நாளும் பரங்கிக்காய். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நம்ம மெஸ்ல இனிமே மச்லி பந்த், சார்." தீவு இந்தியில், மீன் கிடையாது என்று அர்த்தம்.

மனிதன் குரங்காகி, குரங்கு பல்லியாகி, கடைசியில் எல்லோரும் மீனாகக் கடலுக்குப் போய்விடுகிறோம் என்று நான்தானே ஆறு நாள் படித்தேன் என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். அரிவாள்மணையில் கிடப்பது யார் வீட்டு ஆளோ, அரியக் கை வரவில்லை என்றார். மீன்தான் வேண்டுமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை எடுத்து மேலே வைத்தார்.

மற்ற மூவரும் என்னையே முறைத்தார்கள். ஆறு இதழ்களையும் தரையில் பரப்பி, அடியில் கிடந்ததை முதலில் வைத்து, மீன் தொடங்கி மனிதன் வரை ஒரே மூச்சில் படித்தேன். குகை மனிதனிடம் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இப்போது மீன் எங்கள் எல்லோருக்கும் முன்னோர் ஆகிவிட்டது. வாயைக் கொடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டேனே என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். கோயிலில் சாமியார் சொல்வதும் இதே வரிசைதான், ஆண்டவர் ஐந்தாம் நாள் மீனைப் படைத்தார், ஆறாம் நாள்தான் மனுஷன் என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப மீனு நமக்குப் பாட்டன் முறைல்லா, சார்."

நான் அவசரமாக இதழ்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"பேரப்பிள்ளைக்குப் பாட்டன் சோறு போடாம வேற யாரு போடுவா" என்றவர், தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினார்.

அன்று ராத்திரி சூரைமீன் குழம்பு. பாட்டனுக்கு மரியாதையாக நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.