மாடி வைஃபையின் பெயர் ‘மேலே வா’

காரைக்காலில் வைஃபை கோளாறு பார்ப்பவன் நான். வாசகசாலைப் புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டு, நாற்பத்தொன்பது வயதில் ஏணிமேல் நின்று, கூரையில் அப்பளம்போல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியிடம் “ஏன்டா சேர மாட்டேங்கிறே?” என்று கேட்டுப் பிழைக்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். வயரை எலி கடித்திருக்கும். திருநள்ளாறு லாட்ஜ் என்றால், போன் சார்ஜ் போட யாராவது பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

அந்த வீட்டில் அப்படி முடியவில்லை. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கில் சொல்தா. இறந்து ஏழு மாதம். மனைவி தனியாக இருந்தார். பிரான்ஸிலிருந்து வந்த மகன், வைஃபை பெட்டிகளை நிர்வகித்துவந்த அப்பாவின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்குக் கீழே புது கன்ட்ரோலர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். கூடத்துப் பெட்டி அதனுடன் உடனே சேர்ந்தது. மாடி அறையில் அப்பா மாட்டியது சேரவில்லை. அந்த அறையின் தடித்த சுவருக்குள் போன் டவரும் எட்டாது. அம்மா மாடியில் விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவார் என்பது மகனின் பயம்.

வயரை மாற்றினேன். கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு முழு நாளைத் தொலைத்த பிறகே, கத்துக்குட்டிகள்கூட முதலில் பார்ப்பதைப் பார்த்தேன்: கன்ட்ரோலர் எழுதிவைத்திருந்த குறிப்பு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாடிப் பெட்டி வந்து, தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே மறுப்பு: தேசம் பொருந்தவில்லை. சொல்தா அதைப் பிரான்ஸில் வாங்கி, தேசம் என்ற இடத்தில் பிரான்ஸ் என்றே போட்டிருந்தார். புது கன்ட்ரோலர் இந்தியா.

“இதுவும் பிரெஞ்சு நேஷனாலிட்டிம்மா,” என்றேன்.

“எனக்கே அது கிடைக்க மூணு வருஷம் ஆச்சு. இதுக்குக் கடையிலயே குடுத்துட்டானா?”

“ஊக்கு இருந்தா குடுங்க. பின்னாடி ஒரு துளை இருக்கு. பத்து செகண்ட் அமுக்கினா எல்லாம் அழிஞ்சு புதுசாயிடும்.”

ஊக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம்னா?”

“பழைய பேரு, பாஸ்வேர்டு, எல்லாந்தாங்க.”

அவர் தன் போனை நீட்டினார். மாடி ஏறியதும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும் வைஃபையின் பெயர் தெரிந்தது: மேலே வா. இணையம் இல்லாவிட்டாலும் பெட்டி பழைய பெயரைப் பரப்பிக்கொண்டுதான் இருக்கும்.

“டிவி சத்தத்துல அவரு கூப்பிடுறது காதுல விழலைன்னு கிண்டலுக்கு வச்சது. கடைசி அன்னைக்கும் கூப்பிட்டாரு தம்பி. நல்லாத்தான் கேட்டுச்சு. வர்றேன், வர்றேன்னு பூண்டு உரிச்சிட்டிருந்தேன்.”

எனக்குக் கிண்டல்தான் வரும்; அது வராத இடத்தில் தொழில் பேசுவேன். “அதே பேரை அடிச்சுக் குடுத்துடுறேங்க. ஒரு எழுத்து மாறாது.”

“நீங்க அடிச்சா அது நீங்க கூப்பிடுறது. அதுக்கு நான் எதுக்கு வரணும்?”

மகனையே கேட்டுவிடலாம் என்று படியிறங்கிக் கீழே வந்தேன். டவர் கிடைத்ததும் அவரே என் போனுக்கு வந்தார்.

“சேர்ந்துச்சாண்ணே?”

ஊக்கு இன்னும் என் கையில் இருந்தது. “செத்துப்போச்சு தம்பி,” என்றேன். எரிந்துபோன பெட்டிகளைப் பற்றி ஆயிரம் முறை சொன்ன வார்த்தை. படியில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

“அப்பப் புதுசு போட்டுடுங்க.”

எதிர்ச் சுவரில் புதுசு போட்டேன். பழையதைக் கழற்றவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனை மாற்றச் சொல்லிக்கொடுத்தேன்; பழையதில் இருக்கும்போது அழைப்பு எதுவும் வராது என்றும் சொன்னேன். அவரே நேரத்தைப் பங்கு பிரித்துவிட்டார்: “நாள் பூரா உங்களுது. விளக்கு வச்சப்புறம் ஒரு மணி நேரம் அவருது.”

இப்போதெல்லாம் மகன் என்னிடம் கேட்கிறார்: “ஆறு மணிக்கு மேல அம்மா லைன் ஏன் கிடைக்க மாட்டேங்குது?”

“பாத்துட்டிருக்கேன் தம்பி.”

அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா விழுந்தால் அது என் பொய்யின் மேல்தான் விழும். ஆறிலிருந்து ஏழு வரை என்னால் ஒரு பக்கம் படிக்க முடிவதில்லை. ஏழு அடித்து ஐந்து நிமிடம் கழித்து, சிக்னல் சரியாக இருக்கிறதா என்று கேட்கும் சாக்கில் அவரைக் கூப்பிடுகிறேன். சில நாள் பலமுறை முயன்ற பிறகே மணி அடிக்கிறது.

“இருக்கேன் தம்பி,” என்கிறார் பிறகு. “இப்பத்தான் கீழ வந்தேன்.”